ஐந்து பிணங்கள், ஒரு சிறுவன்

கி.பி. 235, மார்ச் மாதம். ரைன் நதிக்கரையில், இன்றைய மைன்ஸ் நகருக்குப் பக்கத்தில் போட்டிருந்த பாசறையில் பேரரசர் அலெக்சாந்தர் செவெரஸையும் அவருடைய தாய் ஜூலியா மமேயாவையும் ரோமானிய வீரர்களே வெட்டிச் சாய்த்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அலெக்சாந்தருக்கு அப்போது 26 வயது. எல்லை தாண்டி வந்து கொள்ளையடித்த ஜெர்மானியர்களோடு மோதாமல், பணம் கொடுத்துச் சமாதானம் பேசப் பார்த்தார் என்பதுதான் வீரர்களின் ஆத்திரம். எதிரிக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, நமக்குக் கொடுக்க இல்லையா என்று பாசறை முழுக்க முணுமுணுப்பு.

அவர்கள் தேர்ந்தெடுத்த புதிய பேரரசர் மாக்சிமினஸ். புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அதிகாரி. திரேஸ் பக்கம் எளிய குடும்பத்தில் பிறந்து, சிப்பாயாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக மேலே வந்தவர். செனட் உறுப்பினராக இல்லாமல் அரியணை ஏறியவர் அவருக்கு முன் மக்ரினஸ் ஒருவர்தான். அவரும் சட்டம் படித்த ஆள். பாசறையிலேயே வளர்ந்து பாசறையிலிருந்தே பேரரசரானவர் மாக்சிமினஸ்தான். அவர் எட்டடிக்கு மேல் உயரம், மனைவியின் வளையலைக் கட்டைவிரலில் மோதிரமாகப் போட்டுக்கொள்வார் என்றெல்லாம் பிற்காலத்து நூல் ஒன்று அளக்கிறது. படிக்கச் சுவையாக இருக்கிறது. நம்ப வேண்டியதில்லை.

பதவிக்கு வந்ததும் அவர் முதலில் கொடுத்த வாக்கு, சம்பளத்தை இரட்டிப்பாக்குவேன் என்பது. இந்த அத்தியாயத்தில் விழப்போகும் எல்லாப் பிணங்களும் ஒரு விதத்தில் இந்த வாக்கில்தான் தொடங்குகின்றன. ஒரு மாவட்டத்துச் சேனை அல்ல அது. பிரிட்டன் முதல் யூப்ரடீஸ் வரை நிறுத்தி வைத்திருந்த லட்சக்கணக்கான வீரர்கள். அத்தனை பேருக்கும் இரட்டைச் சம்பளம் என்றால் யாருடைய மடியிலிருந்தாவது எடுத்துத்தானே ஆகவேண்டும்?

மாக்சிமினஸை வெறும் முரடர் என்று தள்ளிவிட முடியாது. சொன்னபடி ரைனைத் தாண்டி ஜெர்மானியக் காடுகளுக்குள் வெகுதூரம் போய்ச் சண்டையிட்டார். ஹெரோடியன் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் இதை எழுதியபோது மிகைப்படுத்துகிறார் என்றே பலகாலம் நினைத்தார்கள். 2008-ல் ஹானோவருக்குத் தெற்கே ஹார்ட்ஸ்ஹார்ன் என்ற குன்றில் ஒரு போர்க்களம் வெளிப்பட்டது. அம்பு முனைகள், ரோமானியச் செருப்பு ஆணிகள், அலெக்சாந்தர் செவெரஸ் காலத்து நாணயங்கள். ரைனிலிருந்து அவ்வளவு உள்ளே ஒரு ரோமானியப் படை அந்தக் காலத்தில் போயிருக்கிறது என்றால், அது மாக்சிமினஸின் படையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அவருடைய முதல் ஆபத்து காட்டுக்குள் இல்லை, முதுகுப்புறத்தில் இருந்தது. மாக்னஸ் என்ற செனட்டர் சில அதிகாரிகளோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டார் என்று தகவல் வந்தது. மாக்சிமினஸ் ரைன் மீது கட்டிய பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனதும் பாலத்தை அறுத்துவிடுவது. மீதியை ஜெர்மானியர் பார்த்துக்கொள்வார்கள். சதி நிஜமா, பழிவாங்கக் கட்டிய கதையா என்று ஹெரோடியனாலேயே சொல்ல முடியவில்லை. விசாரணை எதுவும் நடக்கவில்லை. சந்தேகத்துக்கு உள்ளான அத்தனை பேரும் செத்தார்கள்.

அடுத்தது குவார்டினஸ். என்னைக் கேட்டால் இந்தக் காலத்தை முழுதாகப் புரிந்துகொள்ள இந்த ஒரு மனிதனின் கதை போதும். அலெக்சாந்தரின் நண்பர், முன்னாள் கான்சல். கிழக்கிலிருந்து வந்திருந்த ஆஸ்ரோயீன் வில்வீரர்கள் இறந்துபோன அலெக்சாந்தர் மீது பற்றுள்ளவர்கள். அவர்கள் குவார்டினஸைப் பிடித்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கதறியும் கேட்காமல், பேரரசர்கள் உடுத்தும் ஊதா அங்கியை மேலே போட்டுவிட்டார்கள். சில நாட்களில் அவர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவரைப் பேரரசராக்கியவர்களில் ஒருவரான மாசிடோ என்பவரே அவர் தலையை வெட்டி மாக்சிமினஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பரிசு கிடைக்கும் என்ற நம்பிக்கை. மாக்சிமினஸ் தலையை வாங்கிக்கொண்டார். பிறகு மாசிடோவையும் கொன்றார். ஒருமுறை எஜமானனை விற்றவன் மறுமுறையும் விற்பான் என்பது பாசறையில் வளர்ந்தவருக்குத் தெரியாதா?

ஆக, ஆசைப்பட்டு அரியணை ஏறியவனுக்கு மட்டும் ஆபத்து என்று எண்ண வேண்டாம். ஆசையே இல்லாதவனும் தப்பவில்லை. ஒருமுறை அந்த அங்கி தோளில் விழுந்துவிட்டால் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வழி கிடையாது. 'முன்னாள் பேரரசர்' என்ற ஒரு பதவியே ரோமில் இல்லை. தானாக விலகி, தோட்டம் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்த முதல் ஆளைப் பார்க்க இன்னும் எழுபது வருடம், டயக்ளீஷியன் 305-ல் பதவி துறக்கும்வரை, நாம் காத்திருக்க வேண்டும்.

மாக்சிமினஸ் மூன்று வருடம் ஆண்டார். அந்த மூன்று வருடத்தில் ஒருநாள்கூட ரோம் நகரத்துக்குப் போகவில்லை. ரைன் முடிந்தால் டான்யூப். குளிர்காலம் சிர்மியத்தில், அதாவது இன்றைய செர்பியாவில். தன் போர்களைப் பெரிய ஓவியங்களாக வரையச் சொல்லி, செனட் மண்டபத்தின் முன்னால் வைக்க அனுப்பினார். ஆள் வரவில்லை, படம் வந்தது. செனட்டர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

படத்துக்குப் பின்னாலேயே வரி அதிகாரிகளும் வந்தார்கள். முதலில் பணக்காரக் குடும்பங்கள். அவர்கள் வறண்டதும் நகரங்களின் பொதுநிதி. ஏழைகளுக்குத் தானியம் வழங்கவும் திருவிழா நடத்தவும் ஒதுக்கி வைத்திருந்த பணம். பிறகு கோயில் காணிக்கைகள், சிலைகள், உருக்கினால் காசாகக்கூடிய எல்லாம். பணக்காரன் சொத்தைப் பிடுங்கியபோது வேடிக்கை பார்த்த சாதாரண ஜனங்கள், கோயிலில் கைவைத்தபோது கொதித்தார்கள். வீரர்களின் சொந்தக்காரர்களே அவர்களைத் திட்டினார்களாம்: இதெல்லாம் உங்களுக்காகத்தானே நடக்கிறது என்று.

வெடித்த இடம் ரோமும் அல்ல, ரைன் கரையும் அல்ல. ஆலிவ் எண்ணெய் வியாபாரத்தில் கொழுத்த ஒரு ஆப்பிரிக்க ஊர். அன்று அதன் பெயர் திஸ்ட்ரஸ்; இன்று துனிசியாவின் எல் ஜெம். அங்கே போனால் ஊருக்கு நடுவில் மலைபோல் நிற்கும் பிரம்மாண்டமான வட்டரங்கத்தைப் பார்க்கலாம். அந்த ஊருக்கு ஒருகாலத்தில் இருந்த செல்வத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

238-ம் ஆண்டின் தொடக்கம். அந்தப் பகுதிக்கு வரி வசூலிக்க வந்த அதிகாரி, மேலிடத்துக்கு நல்லபெயர் வாங்க, நல்ல குடும்பத்து இளைஞர்கள் சிலருக்குப் பெரும் அபராதம் போட்டார். கட்டினால் பரம்பரைச் சொத்தே போய்விடும். மூன்று நாள் தவணை கேட்டார்கள், கிடைத்தது. அந்த மூன்று நாளில் தங்கள் பண்ணை ஆட்களையெல்லாம் திரட்டினார்கள். தடியும் கோடரியும் துணிக்குள். விடியற்காலையில் ஊருக்குள் நுழைந்து, பணம் கட்ட வந்தவர்கள்போல அதிகாரியை நெருங்கி, குத்திக் கொன்றார்கள்.

கொன்ற பிறகுதான் யோசனை வந்தது. பேரரசரின் அதிகாரியைக் கொன்றவர்களுக்கு மன்னிப்பு கிடையாது. தப்பிக்க ஒரே வழி, பேரரசரையே மாற்றிவிடுவது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அந்தக் காலத்தில் இது ஒரு நடைமுறை யோசனைதான்.

ஆப்பிரிக்க மாகாணத்தின் ஆளுநர் கோர்டியன் அப்போது அந்த ஊரில் இருந்தார். வயது சுமார் 80. நடுப்பகலில் வேலை முடித்துக் கட்டிலில் சாய்ந்திருந்தவரின் வீட்டுக்குள் உருவிய வாளோடு ஒரு கூட்டம் நுழைந்தது. ஊதா அங்கியைப் போர்த்தி, பேரரசே என்று வாழ்த்தியது. தன்னைச் சிக்கவைக்கும் சூழ்ச்சியோ என்று பயந்து, கிழவர் தரையில் விழுந்து கெஞ்சினார். அவர்கள் கணக்கை எடுத்துச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டால் பின்னால் ஆபத்து வரலாம், வராமலும் போகலாம். மறுத்தால் இன்றே, இங்கேயே சாவு. கிழவர் ஒப்புக்கொண்டார். கார்த்தேஜுக்குப் போய், தன் மகனையும் இணைப் பேரரசராக்கினார்.

ரோமில் மாக்சிமினஸின் வலது கை, பிரிட்டோரியன் காவல்படைத் தலைவர் விட்டலியானஸ். அவரை முதலில் தீர்க்க வேண்டும். மாக்சிமினஸிடமிருந்து வந்த ரகசியக் கடிதம் என்று முத்திரையிட்ட ஓலை ஒன்றோடு கோர்டியனின் ஆட்கள் வந்தார்கள். முத்திரை சரியானதா என்று விட்டலியானஸ் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குத்திவிட்டார்கள். மாக்சிமினஸே செத்துவிட்டார் என்று ஊரெங்கும் புரளியும் கிளப்பினார்கள். செனட் உடனே கோர்டியன்களை ஏற்றது. மாக்சிமினஸை நாட்டின் எதிரி என்று அறிவித்தது. சிலைகள் கவிழ்ந்தன. நகரத் தலைமை அதிகாரி சபினஸ் தலையில் தடியடி பட்டு இறந்தார். கடன் கொடுத்தவர்களும் வழக்கில் எதிர்த்து நின்றவர்களும்கூட இந்தச் சந்தடியில் கொலையானார்கள். விடுதலை வந்துவிட்டது என்ற உற்சாகத்தில் அவரவர் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் கார்த்தேஜில் கதை முடிந்துகொண்டிருந்தது. பக்கத்து நூமிடியாவின் ஆளுநர் கபெலியானஸுக்கும் கோர்டியனுக்கும் பழைய வழக்குத் தகராறு. அவரைப் பதவியிலிருந்து தூக்க கோர்டியன் ஆணை அனுப்பினார். அவசரப்பட்டுச் செய்த காரியம் இது; ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே முழுப் படையணி, மூன்றாம் அகஸ்டா, கபெலியானஸின் கையில் இருந்தது. அது கார்த்தேஜை நோக்கிக் கிளம்பியது. எதிரே நின்றவர்கள் வேட்டை ஈட்டியும் வீட்டுக் கத்தியும் பிடித்த நகரவாசிகள். மகன் கோர்டியன் களத்தில் விழுந்தார். பிணக்குவியலில் உடலைக்கூடக் கண்டெடுக்க முடியவில்லை. அப்பா தன் இடுப்புக் கச்சையிலேயே தூக்கில் தொங்கினார். இருவரும் ஆண்டது சுமார் மூன்று வாரம்.

செய்தி ரோமை எட்டியபோது செனட்டர்களுக்கு எப்படி வியர்த்திருக்கும்! ஆதரித்த பேரரசர்கள் இருவரும் இல்லை. எதிர்த்த பேரரசர் உயிரோடு, கோபத்தோடு, டான்யூப் படையை நடத்திக்கொண்டு இத்தாலியை நோக்கி வருகிறார். பின்வாங்க வழியில்லாமல், தங்களுக்குள்ளிருந்தே இரண்டு பேரைப் பேரரசர்களாக்கினார்கள். பூபியேனஸ் கண்டிப்பான நிர்வாகி, அனுபவம் உள்ளவர். பல்பினஸ் பழம்பெரும் குடும்பத்துப் பிரபு. நகரத்து ஜனங்களுக்குப் பூபியேனஸைக் கண்டாலே ஆகாது. நகர அதிகாரியாக இருந்தபோது அவர் காட்டிய கடுமை அப்படி. கல்லும் கட்டையுமாகக் கூட்டம் வழியை மறித்தது: கோர்டியன் வம்சத்தில் ஒருவர் வேண்டும்! வேறு வழியில்லாமல் கிழவருடைய மகளின் பிள்ளையை, 13 வயதுச் சிறுவனை, வீட்டிலிருந்து தோளில் தூக்கிவந்து இளவரசர் பட்டம் கட்டினார்கள். அவன் பெயரும் கோர்டியன்தான்.

பூபியேனஸ் படை திரட்ட வடக்கே போனார். அவர் போன பிறகு ரோமிலேயே ஒரு சின்ன உள்நாட்டுப் போர். செனட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆயுதமில்லாமல் உள்ளே வந்த இரண்டு மூன்று காவல்படை வீரர்களை, காலிகானஸ், மைசீனஸ் என்ற இரு செனட்டர்கள் மறைத்து வைத்திருந்த கத்தியால் குத்திக் கொன்றார்கள். ஜனங்கள் காவல்படை முகாமை முற்றுகையிட்டு, குடிநீர்க் குழாய்களை உடைத்தார்கள். உள்ளே தாகத்தில் தவித்த வீரர்கள் வெளியே பாய்ந்து வீடுகளுக்குத் தீவைத்தார்கள். நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. மாக்சிமினஸ் இன்னும் ஆல்ப்ஸைக்கூடத் தாண்டவில்லை.

தாண்டும் முன்பே அவருக்குக் கிடைத்தது காலி ஊர். எமோனா, இன்றைய லுப்லியானா, ஒரு மனிதனோ ஒரு மூட்டை தானியமோ இல்லாமல் கிடந்தது. அடுத்து அக்விலேயா. மது வியாபாரத்தில் செழித்த, இத்தாலியின் வடகிழக்கு வாசல். இரண்டு முன்னாள் கான்சல்கள், கிறிஸ்பினஸும் மெனோஃபிலஸும், மதிலைச் செப்பனிட்டு, உணவைச் சேமித்து, கதவை அடைத்துவிட்டார்கள். ஊருக்கு முன்னால் ஓடும் ஆறு பனி உருகிப் பெருக்கெடுத்திருந்தது, பாலத்தையும் இடித்திருந்தார்கள். கைவிடப்பட்ட ஊர்களில் கிடந்த காலி மதுப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி மிதக்கவிட்டு, அதன்மேல் மண் கொட்டிப் படை கடந்தது. கடந்தும் என்ன பயன்? மதில் மேலிருந்து கொதிக்கும் கீல் ஊற்றினார்கள். தங்கள் தெய்வம் பெலெனஸ் வானத்தில் நின்று போரிடுவதாக ஊர்க்காரர்கள் நம்பினார்கள்.

முற்றுகை நீண்டது. பட்டினி முற்றுகையிட்டவர்களுக்குத்தான் வந்தது. சுற்றுப்புறத்தை அவர்களே அழித்திருந்தார்கள். ஆற்று நீரில் பிணம் மிதந்தது. தோல்விக்குக் காரணம் தளபதிகளின் கோழைத்தனம் என்று மாக்சிமினஸ் சிலரைக் கொன்றார். அதோடு அவருடைய பிடி தளர்ந்தது. வெறும் பசி மட்டுமென்றால் வீரர்கள் பொறுத்திருப்பார்களோ என்னவோ. படையில் இரண்டாம் பார்த்திகா என்ற அணி இருந்தது. அதன் நிரந்தர முகாம் ரோமுக்கு அருகே ஆல்பாவில். மனைவி மக்கள் அங்கே, செனட்டின் கைக்கெட்டும் தூரத்தில். யாருக்காக இங்கே செத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு நடுப்பகலில், எல்லோரும் ஓய்வில் இருந்தபோது, அவர்கள் பேரரசரின் கூடாரத்துக்குப் போனார்கள். காவலர்கள் தடுக்கவில்லை, சேர்ந்துகொண்டார்கள். கொடிக்கம்பங்களிலிருந்த அவருடைய உருவங்களைக் கிழித்தெறிந்தார்கள். பேசிச் சமாளிக்கலாம் என்று மகனோடு வெளியே வந்த மாக்சிமினஸ் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இருவரையும் கொன்றார்கள். தலைகள் ரோமுக்கு. உடல்கள் நாய்க்கும் பறவைக்கும்.

பிறகு நடந்ததை ஹெரோடியன் அனுபவித்து எழுதியிருக்கிறார். சண்டை முடிந்துவிட்டது, கதவைத் திறங்கள் என்று வீரர்கள் கேட்டார்கள். அக்விலேயாக்காரர்கள் திறக்கவில்லை. பூபியேனஸ், பல்பினஸ், சிறுவன் கோர்டியன் மூவரின் உருவங்களையும் மாலை சூட்டி மதில்மேல் வைத்து, முதலில் வணங்குங்கள் என்றார்கள். வணங்கினார்கள். அடுத்து மதில்மேலேயே சந்தை போட்டார்கள். ரொட்டி, மது, துணி, செருப்பு. நேற்றுவரை கீல் ஊற்றிய அதே இடத்திலிருந்து, பட்டினி கிடந்த படைக்குக் காசுக்குச் சாமான் விற்றார்கள். வணிகர் ஊர் அல்லவா!

மாக்சிமினஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எதிரிகளின் பக்கம் நின்று எழுதியவர்கள் சொன்னவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வரியை அவர் பிடுங்கியது எழுதத் தெரிந்த வகுப்பாரிடமிருந்து. அவர் கொடூரமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் இடத்தில் இருந்த எவரும் சம்பள வாக்கையும் காலிக் கஜானாவையும் ஒன்றாகச் சுமந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

இனி பூபியேனஸும் பல்பினஸும்தான். அவர்கள் வெளியிட்ட வெள்ளி நாணயங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒருபுறம் பேரரசர் தலை. மறுபுறம் பற்றிக்கொண்ட இரண்டு கைகள், சுற்றிலும் பரஸ்பர அன்பு, பரஸ்பர நம்பிக்கை என்ற வாசகங்கள். இரண்டு தினாரி மதிப்பென்று வெளியிட்ட அந்தக் காசில் இரண்டு தினாரிக்கான வெள்ளி கிடையாது. அன்பும் அந்த அளவில்தான் இருந்தது. வெற்றி யாருடையது, முதலிடம் யாருக்கு என்று இருவருக்கும் புகைச்சல். ஒரே அரண்மனையில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி பிரிட்டோரியன் காவல்படை. செனட் தேர்ந்தெடுத்த பேரரசர்கள் என்பதே அவர்களுக்கு அவமானம். பூபியேனஸ் தன்னோடு ஜெர்மானிய வீரர்களை வேறு கூட்டிவந்திருந்தார். நம்மைக் கலைத்துவிட்டு அவர்களை வைக்கப்போகிறார்கள் என்று காவல்படை முடிவுகட்டிவிட்டது. கேபிடலைன் விளையாட்டு விழா நடந்த நாளில், ஊரே அரங்கத்தில் இருக்க, அரண்மனையில் ஆள் குறைவாக இருந்த நேரம் பார்த்து அவர்கள் பாய்ந்தார்கள்.

பூபியேனஸுக்குச் செய்தி முன்பே எட்டிவிட்டது. உடனே ஜெர்மானியர்களை வரச்சொல்லுங்கள் என்றார். அவர்கள் அரண்மனையைக் காக்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். பல்பினஸ் தடுத்தார். என்னைக் கொல்லத்தான் அவர்களைக் கூப்பிடுகிறாய் என்று அவருக்குச் சந்தேகம். இருவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே கதவுகள் உடைந்தன. ஆடைகளை உருவி, தெருவழியாக அடித்து இழுத்துப் போனார்கள். முகாமில் வைத்து நிதானமாகக் கொல்வதுதான் திட்டம். ஜெர்மானியர்கள் ஆயுதத்தோடு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவசரமாக நடுத்தெருவில் முடித்துவிட்டார்கள். 99 நாள் ஆட்சி.

அந்தத் தெருவிலிருந்தே சிறுவனைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனது காவல்படை. வேறு ஆள் இல்லை என்பதுதான் அவனுடைய தகுதி. ஒரே வருடத்தில் ஆறாவது பேரரசராக மூன்றாம் கோர்டியன் அரியணை ஏறினான்.

அவன் பெயரால் எடுத்த முடிவுகளில் ஒன்று, மூன்றாம் அகஸ்டா படையணியைக் கலைத்தது. தாத்தாவும் தாய்மாமனும் சாகக் காரணமான படை. அன்றைக்கு அது செய்ததென்னவோ, அரியணையில் இருந்த பேரரசருக்கு விசுவாசமாக நின்றதுதான். அதன் முகாம் இருந்த லாம்பேசிஸின் கல்வெட்டுகளில் அதன் பெயரைக்கூட உளியால் கொத்தி எடுத்தார்கள். 253 வரை அந்தப் படையணி மறுபடி உருவாகவில்லை. காவல் போன ஆப்பிரிக்காவில், 240-ல், அதே கார்த்தேஜில் சபினியானஸ் என்பவர் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். அடக்குவதற்கு இந்த முறை பக்கத்து மொரித்தானியாவிலிருந்து படை வரவேண்டியிருந்தது. அது முடிவதற்குள் கிழக்கே பாரசீகத்தில் ஷாபூர் முடிசூடியிருந்தார்.

(தொடரும்)